ஆகஸ்டில் துபாய் போன ஆன்ட்டி

ஆன்ட்டி யாரிடமும் எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எச்சரிக்கையாகச் சொல்கிறேன். பிஜியில், நாந்தி ஊரை ஒட்டிய மார்டின்டாரில், அவர் வீட்டுப் பின்பக்கத்து ஒற்றை அறையில் நான் சில வருடங்கள் குடியிருந்தேன். அந்த வருடங்களில் நான் எடுத்த எல்லா முடிவுகளுக்கும் அவர் "சரி மாஸ்டர்" என்றார். ஒரு முடிவுகூட நிறைவேறவில்லை.

நான் பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தின் பேரில் பிஜித் தீவுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கப் போனவன். வெளிநாடு என்றால் குளிரும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நாந்தி விமான நிலையத்தில் இறங்கினேன். சுற்றிலும் தென்னை மரங்கள். வியர்வை முழங்கையிலிருந்து சொட்டியது. புவியியல் வாத்தியாரை அழைத்துப் போக வந்திருந்த பள்ளி அலுவலர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காய்ச்சலா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தப்பித்தேன்.

குடிபோன அன்றைக்கே ஆன்ட்டியிடம் தெளிவாகச் சொன்னேன்.

"ஆன்ட்டி, எனக்குச் சாப்பாடெல்லாம் அனுப்ப வேண்டாம். நானே சமைச்சுக்குவேன்."

"சரி மாஸ்டர்."

மத்தியானமே தூக்குச்சட்டி வந்தது. மரவள்ளிக்கிழங்கு, சேம்பிலைக் கூட்டு, டின் மீன் குழம்பு. நான் மீன் சாப்பிடுவதில்லை என்றேன். அதற்கும் சரி என்றார். மறுநாளும் மீன். அதற்கு மறுநாள் இன்னும் பெரிய மீன். ஒரு மாதம் கழித்து, தூக்கு வரத் தாமதமானால் நான் பின்வாசலில் நின்று இருமத் தொடங்கியிருந்தேன். ஊரில் அம்மாவுக்கு இந்த விஷயத்தைத் தெரிவிக்கவில்லை.

எனக்குத்தான் இப்படி என்றில்லை. கோயிலுக்குக் கும்பகோணத்துப் பக்கமிருந்து ஒரு குருக்கள் புதிதாக வந்தார். வந்ததும் வராததுமாக, மாரியம்மனுக்கு இனிமேல் கோழி கூடாது, சுத்த சைவம் என்று அறிவித்தார். பெண்கள் கூட்டத்தில் முதலில் எழுந்து "சரி சாமி" என்றது ஆன்ட்டிதான். குருக்களுக்குக் கண் கலங்கிவிட்டதாம், கடல் கடந்தும் இப்படி ஒரு பக்தியா என்று. திருவிழாவன்று அவரை முன்வாசலில் நீளமான ஓர் அர்ச்சனையில் உட்கார வைத்துவிட்டுப் பின்வாசலில் அண்டா ஏற்றினார்கள். "வாசனை பிரமாதமா இருக்கே, என்ன நைவேத்தியம்?" என்று குருக்கள் நடுவில் ஒரு தடவை கேட்டார். பாவம்.

அங்கே பிறந்த தமிழர்களில் பெரும்பாலோர் பேசுவது பிஜி ஹிந்திதான். ஆன்ட்டிக்கும் அவர் கணவர் அங்கிளுக்கும் மட்டும் பெரியவர்களிடம் கற்ற தமிழ் மிச்சமிருந்தது. வந்துக்கினு, போய்க்கினு என்று இழுக்கிற பழைய மெட்ராஸ் பக்கத்துத் தமிழ். அதில் ஆன்ட்டி அதிகம் புழங்கிய வார்த்தை இந்தச் 'சரி' ஒன்றுதான்.

அதன் முழு வீச்சையும் நவுசோரியில் ஒரு கூட்டம் தெரிந்துகொண்டது. நான் பிஜிக்குப் போவதற்கு முன்னால் ஆன்ட்டி குடும்பம் அந்த ஊரில்தான் இருந்தது. துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்து பிரதமரையே பிடித்து வைத்துக்கொண்ட வருடம் அது. அங்கே ஆட்சிக் கவிழ்ப்பை எல்லாரும் 'கூ' என்றுதான் சொல்வார்கள். ரயில் வருகிறது என்பதுபோல, கூ வருது, கூ வந்துடுச்சு என்பார்கள். கூ வந்ததும் இந்தியர்களின் கடைகளிலும் வீடுகளிலும் கொள்ளை தொடங்கியது. பட்டப்பகலில் நாலைந்து பையன்கள் கரும்பு வெட்டும் கத்தியோடு ஆன்ட்டி வீட்டு வாசலில் வந்து நின்று, உள்ளே இருப்பதையெல்லாம் கொடு என்றார்கள்.

"சரி," என்றார் ஆன்ட்டி. "செருப்ப மட்டும் வெளிய உட்டுட்டு வாங்க."

விட்டுவிட்டு வந்தார்களாம்.

அந்த வீட்டில் பல வருடமாக ஓடாத ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது. ரிப்பேர் பண்ணிக்கலாம் என்று அங்கிள் அதைத் தூக்கிப்போட விடாமல் வைத்திருந்தார். ஸ்பிரிங் வெளியே வந்த ஒரு சோபாவும், எலி குடித்தனம் நடத்திய ஓர் ஆர்மோனியமும் அதே கணக்கில் சேர்ந்தவை. ஆன்ட்டி பையன்களைக் கூட்டிப்போய், "மொதல்ல பெரிய சாமான எடுங்க, அப்புறம் மறந்துடுவீங்க" என்று ஃபிரிட்ஜைக் காட்டினார். அதைப் படி இறக்குவதற்குள் இரண்டு பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அடுத்து சோபா. அதற்கடுத்து ஆர்மோனியம். அதற்குமேல் அவர்களிடம் தெம்பில்லை. எலுமிச்சம் சாறு குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நல்ல டிவி கட்டிலில் போர்வை போர்த்திக்கொண்டு நோயாளி மாதிரி படுத்திருந்தது. அங்கிள் கரும்புத் தோட்டத்துக்குள் உட்கார்ந்து நாட்டின் எதிர்காலத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து அந்தப் பையன்களில் ஒருவன் வந்து, ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்று குறை சொன்னானாம். "சரி, திருப்பிக் கொண்டாந்து வையுங்க" என்றாராம் ஆன்ட்டி. அதற்குப் பிறகு அவன் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

ஆனால் அந்தக் கூ அவர்கள் வீட்டிலிருந்து ஓடுகிற பொருள் ஒன்றையும் கொண்டுபோனது. ஒரே மகள், நர்ஸ் வேலை பார்த்தவள், சிட்னிக்குக் கிளம்பிவிட்டாள். அங்கிள் போகக்கூடாது என்றார். அவள் போனாள். அன்றிலிருந்து அவர் மகளோடு பேசுவதில்லை. அவள் போன் வந்தால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார்.

அங்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மார்டின்டாரில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். அவர் சொன்னது தப்பாகப் போனதாக வரலாறே கிடையாது. தப்பாகப் போனால் அது வரலாற்றின் தப்பு. சாயங்காலமானால் வாசலில் பாயைப் போட்டு, லேசாகக் கிறங்க வைக்கும் ஒரு வேரை இடித்துக் கரைத்த கிரோக் கிண்ணத்தைச் சுற்றி நாலு பேரை உட்கார வைத்துக்கொண்டு, நாட்டை விட்டு ஓடினவர்களைத் திட்டுவார்.

"எதிர்வூட்டு டாக்டரு ஆக்லாந்துல டாக்ஸி ஓட்டிக்கினு கீறான். கோடிவூட்டு ஹெட்மாஸ்டரு பிரிஸ்பேன்ல, கடை வாசல்ல தள்ளுவண்டி அடுக்கறான். எங்க தாத்தா கிர்மிட்ல வந்து நட்ட கரும்பு இது. நான் எதுக்குப் போவணும்? அரே மாஸ்டர், நான் சொன்னா சொன்னதுதான்!"

கிர்மிட் என்றால் அக்ரிமெண்ட். அந்தக் காலத்தில் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கரும்பு வெட்டக் கப்பலில் வந்தவர்களின் வாயில் அந்தச் சொல் அப்படித் தேய்ந்துபோனது.

மகள் சும்மா இருக்கவில்லை. அப்பா அம்மா இரண்டு பேருக்கும் ஆஸ்திரேலியாவில் குடியேற விண்ணப்பம் போட்டாள். அங்கிள் கையெழுத்துப் போட மாட்டார் என்று எல்லாரும் நினைத்தோம். போட்டார். "கெடைக்கட்டும். கெடைச்சதும் போவாம இருந்து காட்டறேன், அப்பதான் மருவாதி" என்றார். அடுத்த கூ வந்து, ராணுவத் தளபதி ஆட்சியில் உட்கார்ந்த சூட்டில் விசாவும் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஆகஸ்ட் முடிவதற்குள் ஒரு தடவையாவது ஆஸ்திரேலியாவுக்குள் நுழைய வேண்டும். நுழைந்துவிட்டுத் திரும்பி வந்தாலும் விசா உயிரோடு இருக்கும். நுழையாவிட்டால் செத்துப்போகும். மகள் அப்போது மாசமாக இருந்தாள். வருட முடிவில் பிரசவம்.

"யாரும் போவல," என்றார் அங்கிள்.

"சரி," என்றார் ஆன்ட்டி.

நான் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தேன். அந்தச் சரி எனக்குப் பழகிய சரி. மீன் குழம்புச் சரி.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வழவழவென்று ஒரு விளம்பரத் தாள் கிடந்தது. அதை யார் வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. 'குளிர்காலத்தில் சில நாள் துபாயில்' என்று போட்டு, வானம் முட்டும் கட்டடங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் மெல்லிய ஸ்வெட்டரோடு சிரித்துக்கொண்டிருந்தது. மூன்று பேர் ஓர் அறையில் தங்கினால் மூன்றாவது ஆளுக்குச் சலுகை.

அங்கிள் அதைக் கையில் எடுத்தார். கண்ணாடி போட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆஸ்திரேலியா போனாத்தான் வெளிநாடா? நாம இங்க போவலாம்," என்றார். "ஆகஸ்ட்ல மாஸ்டருக்கும் ஸ்கூல் லீவு. நமக்குக் குளிர்காலம். கணக்காப் போட்டிருக்கான் பாரு, வின்டர்னு."

மூன்றாவது ஆளாக என்னைக் கூப்பிட்டது என் பெருமைக்காக இல்லை. தெருவில் மிச்சமிருந்தது நான் ஒருவன்தான்.

இங்கேதான் எனக்குள் இருந்த புவியியல் வாத்தியார் விழித்தார். பிஜி பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது, துபாய் வடக்கே இருக்கிறது, நமக்குக் குளிர்காலம் என்றால் அவர்களுக்குக் கோடை, அதுவும் கோடையிலேயே கொடுமையானது ஆகஸ்ட் என்று சொன்னேன். அங்கிள் நம்பவில்லை. மேசை விளக்கைச் சூரியனாக ஏற்றிவைத்து, ஒரு தேங்காயைப் பூமியாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, விளக்கைச் சுற்றி நடந்து காட்டினேன். என் மாணவர்களுக்கே இவ்வளவு செய்ததில்லை.

"தேங்காய ஏன் சாச்சுப் புடிச்சுக்கினு கீற?" என்றார் அங்கிள். "நேராப் புடி."

"பூமியே சாய்ஞ்சுதான் அங்கிள் சுத்துது."

"போட்டோவுல ஸ்வெட்டர் போட்டிருக்கானா இல்லியா?"

"போட்டிருக்கான். ஆனா அது ஜனவரியில எடுத்த படம்..."

"படத்துல ஜனவரின்னு எழுதியிருக்கா?"

நான் தேங்காயோடு ஆன்ட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டீ டம்ளரை என் முன்னால் வைத்தபடி, மேசைக்கடியில் என் காலை அழுத்தமாக மிதித்தார். "மாஸ்டர் சொல்றதும் சரி. அவரு சொல்றதும் சரி," என்று தேங்காயை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு ராத்திரிச் சட்னியில் பூமி இருந்தது.

அடுத்த நாள் கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டே சொன்னார். "இங்கேர்ந்து துபாய் போற பிளேனு சிட்னி வழியாத்தான் போவுது மாஸ்டர். திரும்பி வரச்சொல்ல அங்க பாதி நாள் காத்துக்கினு இருக்கணும். நான் வெளிய போய்க் கால வெச்சுட்டு, மவளப் பாத்துட்டு வந்துருவேன்."

"அங்கிள்?"

"அவுரு கால அவுருதான் வெக்கணும். நான் தூக்கியா வெக்க முடியும்?" பிழிந்த சட்டையை உதறினார். "நீங்க அதுவரைக்கும் தேங்காய எடுக்காதீங்க, போதும்."

எடுக்கவில்லை.

துபாய் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்தது. இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்து முகத்தை உள்ளே விட்டதுபோல இருந்தது. அங்கிள் கம்பளிக் கோட்டு, கழுத்தில் மஃப்ளர். நான்? ஊரிலிருந்து கொண்டுபோன ஸ்வெட்டர் சும்மா கிடக்கிறதே என்று ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். தேங்காயைச் சாய்த்துப் பாடம் நடத்திய அதே ஆள். விளம்பரத் தாளுக்கு அவ்வளவு வலிமை.

"பிளேனோட என்ஜின் சூடு," என்றார் அங்கிள்.

விமானம் ஒரு மைல் தள்ளி நின்றுகொண்டிருந்தது.

"இருக்கும்," என்றார் ஆன்ட்டி, பருத்தி கவுனில், துப்பட்டாவால் விசிறிக்கொண்டு. அவர் பையில் ஒரு கம்பளித் துணிகூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

விடுதி அறை மட்டும் அங்கிளை ஆதரித்தது. ஏசியை எப்படிக் குறைப்பது என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. மூக்கு விறைக்கும் குளிரில் கோட்டோடு படுத்துக்கொண்டு, "பாத்தியா மாஸ்டர்? வின்டர்," என்றார். குளியலறையில் குழாய், கொக்கி, சோப்பு வைக்கிற தட்டு எல்லாம் தங்க நிறம். நான் பல் தேய்ப்பதற்கு முன்னால் தலை சீவிக்கொண்டேன்.

மறுநாள் சுற்றிக்காட்டப் பேருந்தில் கூட்டிப்போனார்கள். வழிகாட்டி ஒரு மலையாளத்துப் பையன். இதுதான் உலகத்திலேயே பெரியது, இதுதான் உயரம், இது கடலில் மண் கொட்டிச் செய்த தீவு என்று ஒப்பித்துக்கொண்டே வந்தான். கீழே இறங்க யாருக்கும் தைரியமில்லை. கண்ணாடிக்கு உள்ளேயிருந்தே பார்த்தோம். கடற்கரையில் ஒரு காக்கைகூட இல்லை.

"கரும்பு வெளையுமா?" என்று அவனைக் கேட்டார் அங்கிள்.

"இல்லை அங்கிள்."

"தண்ணி?"

"கடல் தண்ணியை நல்ல தண்ணி ஆக்கும்."

"எலெக்ஷன்?"

"இங்கே அதெல்லாம் இல்லை."

அங்கிள் என் தொடையில் ஓங்கி அறைந்தார். "பாத்தியா! எலெக்ஷன் இருந்தாத்தானே கூ வரும்? இவன் மொதல்லியே கூ பண்ணி முடிச்சுட்டான். நிம்மதியா கீறான்."

எத்தனையோ அரசியல் கட்டுரைகள் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் அங்கிள் தன் குளிர்காலத்தைக் கண்டுபிடித்தேவிட்டார். ஒரு பெரிய கடைவளாகத்துக்குள் பனிமலை கட்டி வைத்திருந்தார்கள். உண்மையான பனி. மேலிருந்து தூவுகிறது. வெளியே செருப்பு ரப்பர் உருகுகிற வெயில், உள்ளே உறைபனி. வாசலில் ஆளுக்கு ஒரு நீலக் கோட்டு கொடுத்தார்கள். அங்கிள் அதை மறுத்து, தன் சொந்தக் கோட்டில் தலை நிமிர்ந்து நுழைந்தார். அலெக்சாண்டர்கூட அப்படி எந்த ஊருக்குள்ளும் நுழைந்திருக்க மாட்டார். பின்னால் போன நான் மூன்றாவது அடியிலேயே சறுக்கி, உட்கார்ந்த வாக்கில் ஓர் அரபுக் குடும்பத்தின் புகைப்படத்துக்குள் போய்ச் சேர்ந்தேன். அந்தப் படம் இன்றும் யார் வீட்டிலாவது இருக்கும்.

ஆன்ட்டி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பனியை உள்ளங்கையில் அள்ளி உருட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், சிட்னியில இப்ப இப்பிடித்தான் இருக்குமா?"

"இவ்வளவு இருக்காது ஆன்ட்டி. ஆனா அங்க இப்ப நெஜமாவே குளிர்காலம்தான்."

"மாசமா இருக்கறவளுக்குக் கால் வெறைச்சுப் போவும்."

இரண்டடி தள்ளிப் பனியை உதைத்து விளையாடிக்கொண்டிருந்த அங்கிள் உதைப்பதை நிறுத்தினார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவர்போல மீண்டும் உதைத்தார்.

அன்று சாயங்காலம் விடுதிக்கு வெளியே ஒரு சாண் அகலப் புல்தரைக்குக் குழாய் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், ஆன்ட்டி பேசியதைக் கேட்டுத் தமிழா என்று ஓடிவந்தார். புதுக்கோட்டைக்காரர். ஆன்ட்டியின் தமிழ் அவருக்குத் தாங்கவில்லை.

"ஏம்மா, எந்த ஊரு? மெட்ராஸ் பக்கத்துப் பழைய ஆளுக மாதிரி பேசுறீக?"

"பிஜி."

"அது எங்கிட்டு இருக்கு?"

"கடலுக்கு நடுவுல. கரும்பு வெட்டக் கூட்டிக்கினு போனாங்க."

"எத்தன வருச அக்ரிமெண்டு?"

"எங்க தாத்தாவுக்கு அஞ்சு. உங்களுக்கு?"

"ரெண்டும்மா. பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன்ட்ட இருக்கு. முடிஞ்சதும் ஊருக்குப் போயிருவேன்."

"எங்க தாத்தாவும் அதான் சொன்னாரு," என்றார் ஆன்ட்டி.

அவர் சிரித்தார். ஆன்ட்டி சிரிக்கவில்லை. பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை அப்படியே அவர் கையில் வைத்தார். அது எனக்கென்று எடுத்து வந்த முறுக்கு.

சிட்னியில் விமானம் காலையில் இறங்கியது. மத்தியானத்துக்கு மேல்தான் நாந்தி விமானம். நடைபாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம், வேறு விமானம் ஏறுகிறவர்களுக்கு. வலது பக்கம், நாட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு. எனக்கு விசா கிடையாது, இடதுதான். ஆன்ட்டி பலகைக்குக் கீழே நின்றார்.

"மவ வெளிய வந்து நிக்கறா. பாத்துட்டு வந்துடறேன்."

அங்கிள் முகம் செங்கல்லானது. ஏறி வந்த விமானமே தனக்குத் துரோகம் செய்ததுபோல ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "யாரும் போவல. பேசாம இங்க வந்து உக்காரு."

"சரி," என்றார் ஆன்ட்டி. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வலது பக்கமாக நடந்தார். வேகமாக இல்லை. காய்கறி வாங்கப் போகிற வேகம்தான். அங்கிள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூட்டம் மறைத்தது.

நாங்கள் போய் உட்கார்ந்தோம். அங்கிள் முதலில் நாட்டைத் திட்டினார். பிறகு விமான நிலையத்தை, பிறகு நாற்காலியை. கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் வாயிலிருந்து புகைபோல மூச்சு விட்டபடி போய்க்கொண்டிருந்தார்கள்.

"இங்கேர்ந்து லிவர்பூல் தூரமா?" என்றார் திடீரென்று. இங்கிலாந்து லிவர்பூல் இல்லை, சிட்னியின் ஒரு புறநகர்.

"அங்க யாரு இருக்கா அங்கிள்?"

"யாரோ. கேட்டா சொல்லேன்." நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்து, "கறிவேப்பில வாசன பட்டாலே வாந்தி எடுக்கறாளாம். இவ போய் ரசம் வெக்கறேன்னு கறிவேப்பில போடாம இருக்கணும்," என்றார்.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

அங்கிள் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். மகள் போன் வரும்போதெல்லாம் இந்த மனிதர் தோட்டத்தில் எங்கே நின்றார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூடத்து ஜன்னலுக்கு நேர் கீழே. கையில் குழாய் இருக்கும். குழாயில் தண்ணீர் வந்து நான் பார்த்ததே இல்லை.

"கால் வேற வீங்குதாம்," என்றார் அங்கிள். "ஏழாவது மாசம் வீங்கலாம். இப்பவே வீங்கக் கூடாது." கோட்டைக் கழற்றினார். மடித்தார். மறுபடியும் போட்டுக்கொண்டார். "விசா இருக்கேன்னு நான் போயிட்டா, அவ என்ன நெனைப்பா? தோத்துட்டான்னு நெனைப்பா."

"உங்களப் பாத்தா முதல்ல கோட்டைத்தான் பாப்பா அங்கிள்."

முறைத்தார். எழுந்தார். "பாத்ரூம் போய்ட்டு வரேன். சீட்டப் பாத்துக்க."

கழிப்பறை எங்களுக்குப் பின்னால் பத்தடியில் இருந்தது. அவர் முன்பக்கமாகப் போனார். வந்த வழியே, அந்தப் பலகை வரைக்கும். அங்கே நின்று மஃப்ளரைச் சரிசெய்தார். ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் ஒரு செய்தித்தாளை விரித்து முகத்தை மூடிக்கொண்டேன். இறக்கியபோது அவர் இல்லை. செய்தித்தாள் தலைகீழாக இருந்தது.

விமானத்தில் ஏறச்சொல்லி அழைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆன்ட்டி மூச்சு வாங்க வந்தார். கண் வீங்கியிருந்தது, முகம் தெளிவாக இருந்தது.

"எங்க அவுரு?"

"பாத்ரூம் போயிருக்காரு ஆன்ட்டி."

"எப்ப?"

"நீங்க போயி ஒரு மணி நேரத்துல."

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். கையிலிருந்த பொட்டலத்தை என் மடியில் போட்டுவிட்டுப் பொதுத் தொலைபேசிக்கு ஓடினார். இங்கிருந்தே கேட்டது. "ம்... ம்... எங்க நிக்கறாரு? அழுவறாரா, நீ அழுவறியா? யாராவது ஒருத்தர் அழுங்க, ரெண்டு பேரும் அழுதா கார யாரு ஓட்டறது?"

அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு மகள் காரை எடுக்கப் போனபோது, வெளியே வருகிற வாசலில் ஒரு கம்பளிக் கோட்டு நின்றுகொண்டிருந்ததாம். காலையிலிருந்தே அங்கேதான் நின்றதாம். கேட்கக் கௌரவம் இடம் கொடுக்காமல், மகள் தானாக வந்து கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருக்கிறார்.

ஒலிபெருக்கி அங்கிள் பெயரைப் பல விதமாகக் கொலை செய்து கூப்பிட்டது. அவர் பெட்டியைத் தேடி இறக்குவதற்காக விமானத்தை நிறுத்தி வைத்தார்கள். பயணிகள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். நான் தூங்குவதுபோல நடித்தேன்.

"இப்பவும் நேரம் இருக்கு ஆன்ட்டி," என்றேன். "நீங்களும் இறங்கிப் போகலாமே? இதுக்குத்தானே இவ்வளவும்?"

"நான் போனா ரெண்டு பேரும் எங்கிட்டியே பேசுவாங்க மாஸ்டர்," என்றார் ஆன்ட்டி. "அப்பாகிட்ட சொல்லும்மாம்பா அவ. உம் பொண்ணுகிட்ட சொல்லுடிம்பாரு அவுரு. இத்தினி வருஷமா நான்தான் போஸ்டாபீஸு. பிரசவத்துக்குப் போறேன். அதுவரைக்கும் அதுங்க நேரா பேசிப் பழகட்டும்."

சொல்லிவிட்டு அங்கிளுடைய ஜன்னல் இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, விமானம் தரையை விட்டு எழும்புவதற்குள் தூங்கிவிட்டார்.

நாந்தியில் எங்களை அழைத்துப்போக வழக்கமான டாக்ஸிக்காரன் வந்திருந்தான். வடக்குத் தீவிலுள்ள புலிலேகாவில் கரும்பு நிலக் குத்தகை பறிபோய், இங்கே வந்து வண்டி ஓட்டுகிறவன். அங்கிளின் கிரோக் கிண்ணத்தைச் சுற்றி தினமும் உட்காருகிறவர்களில் முதல் ஆள். அவன் மச்சான் கனடாவுக்குக் கூப்பிட்டபோது, ஓடுகிறவன் ஆம்பளையா என்று கேட்டு அவனை நிறுத்தி வைத்ததே அங்கிள்தான்.

பெட்டிகளை ஏற்றிவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவன் பேசியது ஹிந்தி. எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

"அங்கிள் எங்க ஆன்ட்டி?"

"ஆஸ்திரேலியா போய்ட்டாரு," என்றார் ஆன்ட்டி, ஏறி உட்கார்ந்துகொண்டே.

அவன் சிரித்தான். ஆன்ட்டி சிரிக்காததைப் பார்த்து என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். வண்டியைக் கிளப்பினான். வெளிவாசல் தாண்டியதும் சாலை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு எதிரே இருந்த இருட்டைப் பார்த்தான்.

"அவருமா?" என்றான். "துப்பாக்கியோட வந்தப்பகூட நான் பயப்படல ஆன்ட்டி. அங்கிள் இருக்காருன்னு இருந்தேன். இப்ப பயமா இருக்கு."

"பயப்படு," என்றார் ஆன்ட்டி. "வண்டிய ஓட்டிக்கினே பயப்படு."